14 வாரமும் 10 வருடமும்

2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் பர்மிங்காம் சிட்டிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் கால்பந்து மேட்ச். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் கேலரியிலிருந்து தொப்பி போட்ட ஒரு ஆள் உள்ளே ஓடி வருகிறான். வில்லா கேப்டன் ஜாக் கிரீலிஷ் அவனைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து வந்து தாடையில் ஒரே குத்து. கிரீலிஷ் புல்லில் சரிந்து உட்கார்ந்துவிடுகிறார். காவலர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அந்த ஆள் கேலரியைப் பார்த்து முத்தம் பறக்கவிடுகிறான். கேலரியில் ஒரு கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அந்தச் சத்தத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாளே கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டான். 14 வாரம் சிறை, 10 வருடம் மைதானத் தடை, கிரீலிஷுக்கு 100 பவுண்டு இழப்பீடு. கூட்டத்தை உசுப்பேற்றத்தான் இறங்கினான், அதற்கு மேல் என்ன ஆனது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை என்றார் அவன் தரப்பு வக்கீல். அவன் கையில் ஏதாவது ஆயுதம் இருந்திருந்தால் நிலைமை எவ்வளவு மோசமாகியிருக்கும் என்று கிரீலிஷ் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

‘வெறும் 14 வாரமா?’ என்று அன்றைக்கு நானும் கொதித்தேன். வருடக்கணக்கில் உள்ளே தள்ள வேண்டாமா என்று நண்பர்களிடம் சண்டை போட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட 10 வருடம்தான் உண்மையான தண்டனை என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 1989-இல் வந்த சட்டத்தின்படி கோர்ட்டே இந்தத் தடையை விதிக்கிறது. சிறைத் தண்டனையோடு சேர்ந்து வந்தால் குறைந்தது 6 வருடம், அதிகபட்சம் 10 வருடம். தடை விழுந்தவன் சில நாட்களுக்குள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் முக்கியமான மேட்ச் நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். மீறினால் அதற்குத் தனியாகச் சிறை. வாரா வாரம் மைதானத்துக்குப் போவதே வாழ்க்கை என்று இருக்கிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 14 வாரம் ஒரு சீசனுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் ஊரே கிளம்பிப் போகும்போது இவன் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பது 10 வருடம் தொடரும்.

2022 மே 17 அன்று நாட்டிங்காமில் இன்னொன்று. ஷெஃபீல்ட் யுனைடெட்டைப் பெனால்டி ஷூட் அவுட்டில் உள்ளூர் அணி நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஜெயித்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். ஷெஃபீல்ட் யுனைடெட் கேப்டன் பில்லி ஷார்ப் காயத்தால் அன்று ஆடவே இல்லை. ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தவரை ஒருவன் ஓடி வந்து தலையால் முட்டித் தள்ளினான். முகத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. இரண்டே நாளில் தீர்ப்பு: 24 வாரம் சிறை, 10 வருடத் தடை. இந்த வேகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஊர் அந்தச் சம்பவத்தைப் பேசி முடிப்பதற்குள் தண்டனையும் சேர்ந்தே பேச்சுக்கு வந்துவிடுகிறது.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வர ஒரு காரணம் உண்டு. கல்லூரி நாட்களில் நான் கோல்கீப்பர். ஒரு உள்ளூர் டோர்னமெண்டில் கோல் வலைக்குப் பின்னால் நின்ற ஒருவன் கை நிறைய ஜல்லியை அள்ளி வீசினான். காதுக்குப் பின்னால் பட்டு ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் என்னால் நிற்க முடிந்ததில்லை. மற்ற பத்து பேரும் ஓடிக்கொண்டாவது இருப்பார்கள். கீப்பர் ஒரே இடத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன். 2012 அக்டோபரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கீப்பர் கிறிஸ் கிர்க்லண்டை ஒரு லீட்ஸ் ரசிகன் ஓடி வந்து இரண்டு கைகளாலும் முகத்தில் தாக்கியதைப் பார்த்தபோது என் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அவனுக்கு 16 வாரம் கிடைத்தது.

நீண்ட தண்டனைதான் தீர்வு என்பவர்களுக்கு நான் சொல்வது கொலம்பிய வீரர் ஆண்ட்ரஸ் எஸ்கோபாரின் வழக்கை. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் காலில் பட்டுப் பந்து சொந்த கோலுக்குள் போனது. கொலம்பியா 2-1 என்று தோற்றது. பத்தே நாளில், ஜூலை 2 அதிகாலை, மெடலின் நகரில் ஒரு கார் பார்க்கிங்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. கொலையாளிக்கு 43 வருடம் என்று கோர்ட் அறிவித்தது. கேட்கும்போது எவ்வளவு பெரிய எண்! அது பிறகு குறைக்கப்பட்டு, 2005-இல், சுமார் 11 வருடத்திலேயே அவன் வெளியே வந்துவிட்டான். 43 என்று எழுதிவிட்டு 11 வருடத்தில் கதவைத் திறந்துவிட்டால் அந்தத் தீர்ப்பை யார் நம்புவார்கள்?

இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. 2011 மே மாதம், டைன்காசில் மைதானம். செல்டிக் பயிற்சியாளர் நீல் லெனனை ஒரு ஹார்ட்ஸ் ரசிகன் பாய்ந்து தாக்கினான். டிவியில் நேரலையாக எல்லோரும் பார்த்தார்கள். தாக்குதல் குற்றச்சாட்டு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றது ஜூரி. பொது அமைதியைக் குலைத்ததற்காக மட்டும் 8 மாதம். சிறை கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அதே வருடம்தான் லெனனுக்குப் பார்சல் குண்டும் அனுப்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட மனிதரிடம், நாடே பார்த்த ஒரு தாக்குதல் நிரூபணம் ஆகவில்லை என்று சொல்வது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

சரி, தடை விதித்தால் மட்டும் போதுமா? நெதர்லாந்தைப் பாருங்கள். 2011 டிசம்பர் 21, ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ்-ஏஇசட் கோப்பை ஆட்டம். 19 வயதுப் பையன் ஒருவன் ஏஇசட் கீப்பர் எஸ்தேபன் அல்வராடோவை நோக்கிப் பாய்ந்தான். எஸ்தேபன் விலகித் தப்பி அவனை உதைத்துவிட்டார். நடுவர் என்ன செய்தார் தெரியுமா? தாக்கப்பட்டவருக்கே சிவப்பு அட்டை! ஏஇசட் பயிற்சியாளர் வெர்பேக் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அட்டையைப் பிறகு ரத்து செய்தார்கள். அந்தப் பையன் ஏற்கனவே மைதானத் தடையில் இருந்தவன். 2023 பிப்ரவரியில் ஐந்தோவனிலும் இதே கதை. செவில்லா கீப்பர் மார்கோ டிமிட்ரோவிச்சை ஒரு பிஎஸ்வி ரசிகன் முகத்தில் குத்த, அவர் அவனைத் தரையில் மடக்கிப் பிடித்தார். அவனும் தடையில் இருந்தவன்தான். அப்புறம் கிளப் அவனுக்கு 40 வருடத் தடை போட்டது. முந்தைய தடையையே வாசலில் யாரும் சரிபார்க்கவில்லை என்றால் 40 போட்டாலும் 400 போட்டாலும் என்ன பயன்?

அதனால் தண்டனையின் பாதிக் கணக்கைக் கிளப்புகளிடம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கிரீலிஷ் சம்பவத்துக்கு பர்மிங்காம் சிட்டிக்கு விழுந்த அபராதம் 42,500 பவுண்டு. ஒரு தொழில்முறை கிளப்புக்கு அது வலிக்குமா? பிரான்சில் 2021 நவம்பரில் லியோனில் கார்னர் எடுக்கப் போன எதிரணி மார்சேயின் வீரர் டிமித்ரி பயேயின் தலையில் தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது. வீசியவனுக்கு 6 மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறை. மைதானத் தடை 5 வருடம். ஆனால் லியோன் கிளப்பின் கணக்கிலிருந்து ஒரு புள்ளியையும் கழித்தார்கள். புள்ளி போனால்தான் பக்கத்து சீட்டில் இருப்பவன் கையைப் பிடித்துத் தடுப்பான்.

‘கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டுமே’ என்று ஒவ்வொரு தடவையும் யாராவது எழுதுகிறார்கள். பேங்கில் ஒருவரை, பஸ்ஸில் நடத்துனரைப் பின்னால் வந்து குத்தினால் சம்பளம் எவ்வளவு என்றா கேட்போம்? அந்தப் புல்தரை அவர்கள் வேலை செய்யும் இடம். அன்று பயே பாட்டில் பட்டுக் கீழே கிடந்தபோது கார்னர் கொடி அவர் பக்கத்திலேயே நின்றது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதே சீசனில், மூன்று மாதம் முன்பு, நீஸ் மைதானத்தில் அவர் முதுகில் ஏற்கனவே ஒரு பாட்டில் விழுந்திருந்தது.