மந்தையில் கச்சேரி, மறுநாள் கிராமசபை

"பருவநிலை மாற்றத்துக்குப் பாட்டுக் கச்சேரியா? பாடுனா வெயில் குறைஞ்சிருமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கிண்டல்தான், ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பருவநிலைப் பணிகளுக்கு நிதி திரட்ட வெளிநாட்டில் நடந்த ஒரு இசை நிகழ்ச்சியை, இணையம் வழியாக எந்த ஊரிலும் திரை கட்டிக் காட்டிக்கொள்ளலாம் என்று அதை நடத்தியவர்கள் அனுமதி கொடுத்திருந்தார்கள். மேலூர் பக்கம் ஒரு கிராமத்துப் பையன்கள் அதை மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், இருக்கும் நாடக மேடையில் காட்டினார்கள். நானும் போயிருந்தேன்.

பாட்டுப் பாடி நிதி திரட்டுவது புதிதில்லை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரிதான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி. ஒரே நாளில் இரண்டு காட்சி, சுமார் 40,000 பேர். டிக்கெட் பணம் ஏறக்குறைய 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கப்புறம் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும்பணம், வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காததால் அமெரிக்க வரித்துறையிடம் வருஷக்கணக்கில் மாட்டிக் கிடந்தது. மனசு சரியாக இருந்தது, காகிதம் சரியாக இல்லை. பணக் கணக்குக்குப் பின்னால் வருகிறேன்.

பருவநிலைக்கென்றே பெரிய அளவில் நடந்தது 2007 ஜூலை 7-ஆம் தேதி, 'லைவ் எர்த்'. ஏழு கண்டங்களிலும் மேடை போட்டார்கள். அண்டார்க்டிகாவில் யார் போய்ப் பாடுவது? அங்கே ரொதேரா ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர்களே ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து வாசித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பிடித்த குழு அதுதான். மற்ற மேடைகளுக்கு நட்சத்திரங்கள் விமானத்தில் வந்து இறங்கி, பூமி சூடாகிறது என்று பாடினார்கள். திட்டு விழுந்தது, விழாமல் இருக்குமா? மேடை விளக்கும் ஸ்பீக்கரும் தின்கிற மின்சாரத்தை விட, கேட்க வருகிறவர்கள் வந்து போகிற பயணத்தில்தான் பெரிய கச்சேரிகளின் கரியமில வாயு அதிகம். கோல்ட்ப்ளே இசைக் குழுவினர் 2022-ல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ரசிகர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து மின்சாரம் எடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ரசிகர் மைதானத்துக்கு விமானத்தில் வந்திருந்தால் எத்தனை மிதி மிதித்தாலும் கணக்கு நேராகாது.

ஆகவே கச்சேரி இருந்த இடத்தில் இருக்கட்டும், படமும் பாட்டும் மட்டும் நம்மிடம் வரட்டும் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் உலகச் சராசரியில் சுமார் 36 கிராம் கரியமில வாயு என்று சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ. அதாவது கரண்ட் போய்விடுமோ என்று பயந்து கொண்டுவந்து நிறுத்துகிற ஜெனரேட்டர் குடிக்கிற ஒரு லிட்டரில் 75 மணி நேரம் படம் பார்த்துவிடலாம். இதை அந்தப் பையன்களிடம் சொன்னேன், ஜெனரேட்டரை ரத்து செய்தார்கள். ஃபிளெக்ஸை மட்டும் ரத்து செய்ய முடியவில்லை. பூமியைக் காப்போம் என்று பத்தடி பிளாஸ்டிக், அதில் ஊர்த் தம்பிகள் பத்துப் பேர் முகம். அது மதுரை ஜில்லா வழக்கம், ஒரு கூட்டத்தில் போகாது.

'நேரலை' மோகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே நடுராத்திரி தாண்டிவிடும். நியூயார்க்கில் கோடைகாலத்தில் எட்டு மணிக்குத் தொடங்கினால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியப் பார்த்த சனம்தான், உட்காரச் சொன்னால் உட்காரும். ஆனால் திறந்தவெளியில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது, ஸ்டேஷனில் அனுமதி வாங்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மறுநாள் சாயங்காலம் ஆறரைக்குப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பதிவைக் கோப்பாகக் கொடுத்துவிட்டால் சிக்னலை நம்பிக் கிடக்கவும் வேண்டாம். திரை தெளிவாகத் தெரிய நொடிக்கு ஐந்து மெகாபிட்டாவது விடாமல் வர வேண்டும். மந்தையில் இருநூறு பேர் கூடி, அதில் பாதிப் பேர் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தால் அது வருமா?

வரவில்லை. மூன்றாவது பாட்டில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மைக்செட் அண்ணன் தொழில் பழக்கத்தில் ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். அதுவரை இல்லாத உற்சாகம் கூட்டத்தில். சின்னப் பிள்ளைகள் திரைக்கு முன்னால் ஆட்டம். பருத்திப்பால் விற்ற அக்காவுக்கு நல்ல வியாபாரம். அமைப்பாளர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர் திரண்டது முழுக்க அந்த வெளிநாட்டுப் பாடகருக்காக இல்லை, ஒன்றாக உட்கார ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான்.

கூட்டம் கலைந்தது பாட்டில் இல்லை, பாட்டுக்கு நடுவே வந்த பேச்சில். ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் ஒருவர் பேசினால் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பத்தானே செய்வார்கள்? காலேஜில் படிக்கிற ஒரு பெண் மைக்கை வாங்கி, அவர் சொல்வதை நாலு வரியில் தமிழில் சொன்னாள். "மழை மொத்தமா ஒரே நாள்ல கொட்டுது, அப்புறம் மாசக்கணக்குல இல்லேங்கிறாரு" என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், அந்த ஊர்க் கண்மாயில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏப்பா, இதத்தானே நானும் சொல்றேன். கொட்டுற அன்னிக்கு நிப்பாட்டி வச்சாத்தான் உண்டு. நம்ம கலிங்கு இடிஞ்சு கெடக்குதே, அதுக்கு யாரு பாடுறது?" கலிங்கு என்றால் கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கட்டுமானம்.

"பேசுவோம் பெரியப்பா, முடியட்டும்" என்றான் புரொஜெக்டர் பையன். முடிந்ததும் பேசவில்லை, மணி பத்தாகிவிட்டது. என் குறையெல்லாம் அங்கேதான்.

இந்தச் சனத்துக்கு விழிப்புணர்வு ஊட்டப்போவதாக யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இந்தப் பக்கம்தான். அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றதும் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு, பேரணியாக மதுரைக்கே வந்து, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்தவர்கள் இவர்கள். ஒரே நாள் மழை என்ன செய்யும் என்பதும் மதுரைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று பத்து சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்ததற்கே செல்லூர் கண்மாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. தெரியாதவர்களுக்குத் தெரிய வைப்பது என்ற நினைப்பில் இந்தத் திரையைக் கட்டாதீர்கள். தெரிந்தவர்கள் கூடிப் பேச ஒரு ராத்திரி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பணம். திரையின் மூலையில் ஒரு கியூஆர் கோடு வந்தது. இளவட்டங்கள் சிலர் ஸ்கேன் செய்தார்கள். இடுப்பு முடிச்சில் இருபது ரூபாய் வைத்திருந்த அம்மாக்கள் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். அனுப்பிய பணம் எங்கே போகிறது, எதற்கு என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நம் பக்கம் காதுகுத்து வீட்டில் ஐம்பது ரூபாய் மொய் செய்தால் கூட நோட்டில் ஏறுகிறது, மைக்கில் பேர் வருகிறது. அதே போல ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பெஞ்சு, எழுத ஒரு ஆள் போடுங்கள். வசூலில் பாதி கச்சேரி நடத்தியவர்களுக்கு, பாதி அந்த ஊர்க் கண்மாய்க்கு என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத அமைப்பாளர் என்றால் நான் இனி திரை கட்டப் போவதில்லை.

பாதிப் பணம் ஊரில் நின்றாலும், கலிங்கைக் கட்டப் பையன்கள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே இருந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் போனால் நீர்வளத்துறை. யாருடையது என்று பார்த்து, அங்கே எழுதிக் கேட்க வேண்டும். வெறும் மனுவாகக் கொடுப்பதற்கும் கிராமசபைத் தீர்மானத்தோடு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆபீஸ் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். முந்தின நாள் சாயங்காலம் கச்சேரியைக் காட்டுங்கள். மூன்று மணி நேரத்தையும் காட்ட வேண்டாம், நல்ல பாட்டாக ஒரு மணி நேரம் போதும். ஒன்பது மணிக்குத் திரையை அணைத்துவிட்டு மைக்கைப் பெரியவரிடம் கொடுங்கள். எந்த மடை, எந்த வரத்துக்கால், எங்கே ஆக்கிரமிப்பு என்று அவர் சொல்லட்டும். ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். காலையில் அந்தத் தாள் சபைக்குப் போகட்டும். வழக்கமாகக் கிராமசபைக்கு வருவதை விட அன்றைக்கு நாலு பேர் கூட வருவார்கள், ராத்திரி பேசியதன் சூடு இருக்கும்.

கச்சேரி நடத்துகிறவர்களுக்கு நம் பையன்கள் எழுதப்போகும் கடிதத்தில் மூன்று விஷயம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: பொதுவெளியில் காட்டலாம் என்ற எழுத்துப்பூர்வமான அனுமதி, தரவிறக்கிக்கொள்ளக் கோப்பு, பேச்சுப் பகுதிகளின் எழுத்து வடிவம் முன்கூட்டியே. மூன்றாவது வந்தால் தமிழில் சொல்ல ஆள் தேவை. மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். புரொஜெக்டர் இருக்கிறது, மைக்செட் அண்ணன் டீசல் செலவு இல்லாததால் வாடகையில் குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஃபிளெக்ஸுக்குப் பதில் துணியில் எழுத ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.