கையெழுத்து வைக்க முன்னம் லோயரைப் பாருங்கள் தம்பிமாரே

விளையாட்டு வீரர்களுக்கு வழக்குப் பேசுகிற சட்டத்தரணி என்றதும் நம்மாட்களின் மனதில் வருவது கோட் சூட், விமானப் பயணம், கோடிக் கணக்கில் கமிஷன். என் மருமகள் சட்டம் படிக்கிறாள். விளையாட்டுச் சட்டம்தான் செய்யப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் வீட்டில் ஒரே சிரிப்பு. "திருகோணமலையில இருந்துகொண்டு ஆருக்கடி வழக்குப் பேசப் போறாய், கோட்டைக்குள்ள ஓடுற மானுக்கா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற தகப்பன், என் அத்தான். "மாமா, நீங்களாவது சொல்லுங்கோ" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு நான் சொன்னது பாதிதான், மீதியை இங்கே எழுதுகிறேன். அத்தான் வாசித்துவிட்டுத் திட்டட்டும்.

முதலில் ஏஜென்ட் வேறு, லோயர் வேறு. அமெரிக்காவில் பல இடங்களில் இரண்டும் ஒரே ஆள்தான். மார்க் மெக்கோர்மக் என்ற சட்டத்தரணி 1960இல் கோல்ஃப் வீரர் ஆர்னோல்ட் பாமருடன் கைகுலுக்கித் தொடங்கியதுதான் பிறகு ஐஎம்ஜி என்ற பெரிய விளையாட்டு ஏஜென்ட் நிறுவனமாக வளர்ந்தது. அந்த நாட்டு அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்எஃப்எல்லின் வீரர் சங்கம், ஏஜென்ட் அதிகபட்சம் 3 வீதம்தான் எடுக்கலாம் என்று வரம்பு போட்டிருக்கிறது. 3 வீதம் என்றால் என்ன பெரிய காசு என்று தோன்றும், 100 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரி, அது அவர்களுடைய ஊர்க் கதை. நான் சொல்ல வருவது வேறு. வீதக் கணக்கில் காசு வாங்குகிற ஆளுக்கு ஒப்பந்தம் முடிந்தால்தான் காசு. "கையெழுத்து வைக்காதே தம்பி" என்று அவர் எப்படிச் சொல்லுவார், தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்வாரா? லோயர் அப்படியில்லை. வாசிக்கிறதற்குக் காசு வாங்குகிறவர், வாசித்துவிட்டு "இதைக் கிழித்துப் போடு" என்று சொன்னாலும் அவருக்குக் கட்டணம் வந்துவிடும். நம்ம பெடியளுக்கு இப்போது தேவை இந்த இரண்டாவது ஆள்தான்.

கிண்ணியா, மூதூர் பக்கம் மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்களைத் தெரியாத வீடு இல்லை. இங்கே காட்டுகிற தாள் ஒன்று, அங்கே போய் இறங்கினதும் நீட்டுகிற தாள் வேறொன்று. வெளிநாட்டுக் கழகங்களுக்கு உதைபந்து ஆடப் போகிற பெடியளின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஒரு கழகத்துக்குப் போனான். முதலில் சம்பளம் ஒழுங்காக வந்தது, பிறகு பிந்தியது, பிறகு வரவேயில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஏகாம்பரம் மைதானத்துப் பக்கம் நின்று அவன் சொன்ன கதையைக் கேட்டு எல்லாரும் கழகக்காரனைத் திட்டினோம், தேத்தண்ணி குடித்தோம், அவ்வளவுதான்.

உலக உதைபந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நியாயமில்லாமல் நிலுவையில் இருந்தால், கழகத்துக்கு எழுத்தில் அறிவித்து, முழுக் காசையும் கட்ட ஆகக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் கட்டாவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். பிறகு ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்கே போகலாம், வீரர் ஒரு தரப்பாக இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது. ஆனால் பிரச்சினை நடந்து இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும், அதற்குப் பிறகு கதவு பூட்டு. அந்த ஒரு கடிதத்தை எழுதாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒப்பந்தத்தை முறித்தவன் நீதான் என்று கழகம் திருப்பிச் சொல்லவும் இடமிருக்கிறது. அந்தத் தம்பிக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒருவர், அரைப் பக்கக் கடிதம் ஒன்று, அவ்வளவுதான் அவனுக்கும் அவனுடைய காசுக்கும் நடுவில் இருந்தது.

இது உதைபந்துக்கு மட்டும் இல்லை. இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை நினைவிருக்கிறதா? 2015 டிசம்பரில் ஊக்கமருந்து என்று சொல்லி இடைநிறுத்தினார்கள். பரிசோதனை செய்தது கட்டாரில் இருந்த, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம். இந்த மாதிரி விஷயத்தில் பொருள் உடம்பில் இருந்தது என்று காட்டினாலே போதும், எப்படி வந்தது என்று நிரூபிக்கிற பாரம் வீரன் தலையில்தான். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். குசலுடைய தரப்பு விழவில்லை. இங்கிலாந்தில் விளையாட்டு வழக்குகளையே தொழிலாகச் செய்கிற சட்டத்தரணிகள் வந்தார்கள், விஞ்ஞானிகளைக் கொண்டு அந்த அறிக்கையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அந்த வருச ரி20 உலகக் கிண்ணம் அவருக்குப் போனது போனதுதான். அவருக்குப் பின்னால் இலங்கை கிரிக்கெட் நின்றது. மாவட்ட மட்டத்தில் ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

சாந்தி சௌந்தரராஜனை நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம் வரும். புதுக்கோட்டைப் பிள்ளை, 2006இல் டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி எடுத்தவள், பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் 2014இல் அதே மாதிரிப் பிரச்சினை. ஆனால் டூட்டி சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். ரொறன்ரோவிலிருந்து ஜிம் பண்டிங் என்ற சட்டத்தரணி ஒரு சதமும் வாங்காமல் அவருக்காக வாதாடினார். பெண் வீராங்கனைகளின் உடம்பில் ஆண் ஹோர்மோன் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அந்த விதியையே 2015 ஜூலையில் மன்றம் இடைநிறுத்தியது, டூட்டி திரும்ப ஓடினார். சாந்தியின் விஷயம் லோசான் வரை போகவேயில்லை. இரண்டு பேரும் ஓட்டக்காரிகள், இரண்டு பேரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒருத்திக்குப் பக்கத்தில் லோயர் இருந்தார்.

அந்த மன்றத்தில் மேன்முறையீட்டுக்குப் பொதுவான காலக்கெடு 21 நாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் கடிதத்தைப் பிரித்து, மாஸ்டரிடம் காட்டி, அவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, அவர் "பார்ப்பம்" என்று சொல்லுவதற்குள் 21 நாள் போய்விடும்.

யாழ்ப்பாணத்துப் பெடியன் வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத்துக்காக ஐபிஎல் ஆடினபோது நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம், நானும்தான். அந்த மாதிரி ஓர் ஒப்பந்தத்தில் காயம்பட்டால் யார் பொறுப்பு, படத்தை விளம்பரத்துக்குப் போட யாருக்கு உரிமை, எந்த ஊர்ச் சட்டம் என்றெல்லாம் எத்தனை பந்தி இருக்கும் என்று ஒருவராவது யோசித்தோமா? ஒப்பந்தத்துக்கு வெளியிலும் குழி இருக்கிறது. சூதாட்டக்காரன் அணுகினதைச் சொல்லாமல் விட்டதற்கே வங்காளதேச கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசனுக்கு 2019இல் இரண்டு வருசத் தடை (ஒரு வருசம் ஒத்திவைக்கப்பட்டது). அதே 2019இல் நம்ம நாட்டிலும் விளையாட்டுக் குற்றங்களுக்கு 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருசம் வரை சிறை. அதாவது இது இனி லோசான் சமாச்சாரம் மட்டுமில்லை, உள்ளூர் நீதிமன்றத்துக்கும் வரக்கூடிய சமாச்சாரம்.

அத்தானுடைய கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. திருகோணமலையில் இதை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பெரியாது. காணி வழக்கும் உறுதி முடிக்கிறதும்தான் சோறு போடும், இது பக்கத்தில் ஓடட்டும். வெளியே போனாலும் உடனே பெயர் வராது. ஜோன் லூயி டியூபோன் என்ற பெல்ஜியச் சட்டத்தரணி போஸ்மன் என்ற உதைபந்து வீரனின் வழக்கில் நின்றது இளம் வயதில். ஒப்பந்தம் முடிந்த வீரனைப் பிடித்து வைத்துக்கொண்டு கழகம் காசு கேட்கிற முறை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உடைந்தது 1995 டிசம்பர் 15ஆம் திகதி, அந்தத் தீர்ப்பில்தான். அதே ஆள் 2024இல் உதைபந்து வீரர் லசானா டியாராவின் வழக்கிலும் வந்து ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதியை ஆட்டிவிட்டுப் போனார். நடுவில் 29 வருசம். போஸ்மன் சாதாரண ஆட்டக்காரன், பெரிய நட்சத்திரம் இல்லை என்பதையும் அத்தான் கவனிக்க வேண்டும்.

காசு யார் கொடுப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. வெளிநாட்டில் இருக்கிற நம்ம பழைய மாணவர்கள் ஒவ்வொரு வருசமும் ஜெர்சி அனுப்புகிறார்கள், பந்து அனுப்புகிறார்கள், பின்னால் தங்களுடைய பெயரும் அடித்துத்தான். நல்ல விஷயம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை எடுத்து, வெளியே ஆடப் போகிற பெடியன் பெட்டையின் ஒப்பந்தத்தை ஒரு லோயர் வாசித்துச் சொல்லுவதற்கு ஒதுக்கினால் என்ன? அதில் யாருடைய பெயரும் அடிக்க முடியாது, அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வட்ஸ்அப் குரூப்பில் ஜெர்சிக் கணக்கு வரும்போது இதைக் கேட்கத்தான் போகிறேன். குரூப்பை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும்.