ஃபியூரின் வெட்டுமிடம்: பரவும் செய்தியும் உண்மை நிலையும்

"கோவிட் வைரஸின் முள்புரதத்திலுள்ள ஃபியூரின் வெட்டுமிடம் வேறு எந்தக் கொரோனா வைரஸிலும் கிடையாது; எனவே அது ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்பது உறுதியாகிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. முள்புரதம் என்பது வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீண்டிருந்து, அது செல்லுக்குள் நுழைய உதவும் புரதம்; ஃபியூரின் என்னும் நொதி அதை வெட்டும் இடமே ஃபியூரின் வெட்டுமிடம். அச்செய்தியின் முற்பகுதி தவறு. அதனால் பிற்பகுதிக்கும் ஆதாரமில்லை.

ஃபியூரின் நம் செல்களிலேயே உள்ள நொதி. நமது புரதங்களை உரிய இடத்தில் வெட்டிப் பக்குவப்படுத்துவது அதன் அன்றாட வேலை. வைரஸ் அதைத் தனக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. கோவிட் வைரஸின் முள்புரதத்தில் 681 முதல் 685 வரையிலான இடங்களில், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் புரோலின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், ஆர்ஜினின் என்று அமைந்த வரிசையின் முடிவில் வெட்டு விழுகிறது. முன்கூட்டியே வெட்டுண்ட முள்புரதம் இருப்பதால், வைரஸ் செல்லின் மேற்பரப்பு வழியாகவே நுழைந்து, வெளியிலிருந்து வருவதை உள்வாங்கும் செல்லின் உட்பைகளில் காவலிருக்கும் இஃபிட்டம் என்னும் எதிர்ப்புப் புரதங்களைப் பெருமளவு தவிர்த்துவிட முடிகிறது.

இத்தகைய வெட்டுமிடம் மெர்ஸ் வைரஸிலும், சாதாரண சளியை உண்டாக்கும் ஓசி43, எச்கேயு1 ஆகிய வைரஸ்களிலும் இருக்கிறது; இவையும் கொரோனா வைரஸ்களே. கோவிட் வைரஸுக்கு நெருங்கிய உறவான, அறியப்பட்டுள்ள சார்ஸ் வகை வைரஸ்களில் இது காணப்படவில்லை என்பது உண்மையே. செய்தியை எழுதியவர் அந்தச் சிறு உண்மையை ஊதிப் பெருக்கியிருக்கிறார். வைரஸின் தோற்றம் பற்றிய விசாரணை தனி விஷயம். இந்த வெட்டுமிடம் மட்டும் அதற்குத் தீர்ப்பாகாது.

ஜென்பேங்க், யூனிபுரோட் ஆகிய தரவுத்தளங்களில் இந்தப் புரத வரிசைகளை எவரும் இலவசமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.