வீடு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்

மலேசியாவில் வீடு மாறினால் 30 நாளுக்குள் அடையாள அட்டையான ஐசியில் முகவரியை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் குற்றம். சரி, மாற்றியாச்சு. அப்புறமும் ஓட்டு மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வேலை ஓய்ந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஊரறிந்த கதை. என் சின்னம்மாவும் அப்படித்தான் பக்கத்துத் தொகுதியிலிருந்து வந்தார். அவர் இருந்த லயன் வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்து, செம்பனை நட்டு, அது குலையும் தள்ளிவிட்டது. ஐசியில் எங்கள் தாமான் முகவரிதான்.

2022 நவம்பர் 19, பொதுத்தேர்தல். காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, கைப்பையில் ஐசி இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வெளியே மேசை போட்டிருந்த பையன் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க ஓட்டு இங்க இல்ல, தோட்டத்துப் பக்கம் காட்டுது" என்றான். அந்தப் பக்கம் பஸ் போய் எத்தனை காலமாச்சு! கார் வைத்திருக்கும் மகன் சிங்கப்பூரில் வேலை. சின்னம்மா வீட்டுக்கு வந்து, புடவையை மாற்றிவிட்டு, உலை வைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வசிக்க வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் தானாகவே பதிவு நடக்கிறது, ஐசியில் இருக்கும் முகவரியை வைத்துத் தொகுதியில் போட்டுவிடுகிறார்கள். 2018இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டினார்கள். இத்தனை பேரைக் கேட்காமலே சேர்க்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் கிழவி வீடு மாறினது மட்டும் கண்ணுக்குத் தெரியாதாம்! அதற்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இணையத்தில் செய்யலாம், சுலபம் என்கிறார்கள். கையில் பட்டன் போன் வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள் இதை.

இன்னொரு கூத்து. எங்கள் தெருவுப் பிள்ளைகள் பாதி ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். வாடகை வீட்டு முகவரியை ஐசியில் போட வீட்டுக்காரர் விடுவதில்லை. அதனால் ஓட்டு இங்கே. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, சொந்தக் காசில் பஸ் பிடித்து வந்து போடுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: இந்தச் சாக்கடை நாற்றத்தில் தினமும் கிடப்பவருக்கு இங்கே ஓட்டில்லை, தீபாவளிக்கு மட்டும் வருபவருக்கு உண்டு. வசிப்பது என்றால் இதுதானா?

கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் ரோஷமாகச் சொன்னார். பட்டியலைச் சரிபார்த்துக் கெஜட்டில் போட்டுவிட்டால் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது ஐயா! 1958ஆம் ஆண்டு தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு அந்தக் கதவையும் சாத்தி வைத்திருக்கிறது.

"நாங்களாகவே ஓட்டை மாற்றினால் தொகுதிக்குத் தொகுதி ஆள் கடத்துகிறோம் என்று பழி வரும், வாக்காளர் சம்மதம் வேண்டும்" என்று ஆணையத்தார் சொல்வார்கள். நல்லது, கேளுங்கள். ஐசி மாற்றப் போன கவுண்டரில் கட்டணம் வாங்கத் தெரிந்தது, கட்டைவிரலை அழுத்தி வைக்கச் சொல்லத் தெரிந்தது. அதே நேரத்தில், "ஓட்டையும் இங்கேயே மாத்திடவா அம்மா?" என்று கேட்டு ஒரு தாளை நீட்டினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?