பூட்டை மாத்தினால் வீடு திரும்பிடுமா?

வாடகை வீடு பற்றின உங்கட கட்டுரையில, வீட்டுக்காரர் கூரை, கிணறு, மலசலகூடம் பார்த்துக் கொடுக்க வேணும் எண்டு போட்டிருக்கிறியள், சரி. நான் கிளிநொச்சியில ரெண்டு வருசம் வாடகைக்கு இருந்தனான். கார்த்திகை மழைக்கு கூரை ஒழுக, "சட்டியை வையுங்கோ தம்பி" எண்டார் வீட்டுக்கார ஐயா. பிறகு ஒரு மாத வாடகை பிந்தினதுக்கு வாசல் பூட்டையே மாத்திப்போட்டார். இலங்கையில, ஒல்லாந்தர் காலத்தில இருந்து வாற பொதுச் சட்டமான றோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைக்கு இருக்கிற ஆளை நிம்மதியா இருக்க விடுறதும் வீட்டுக்காரரின்ர கடமைதான். வீட்டால எழுப்பிறதெண்டால் நீதிமன்றம் போகவேணும். பூட்டும் ஆக்களும் கொண்டு வரேலாது.

கட்டுரை தொடாத விசயம் ஒண்டு: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை (வாடகை ஒப்பந்தம்) உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு முன்னால எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அது. இங்க முக்கால்வாசிப் பேர் முத்திரையில ரெண்டு கையெழுத்தோட விடுகினம்.

வன்னியில இன்னொரு சிக்கல். எத்தினை வீடு பெமிற் காணியில, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணியில, நிக்குது! காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடுத்த காணியை நினைச்சபடி கைமாத்தேலாது. முற்பணம் குடுக்க முதல் உறுதிக் காணியா, பெமிற் காணியா எண்டு கேளுங்கோ. பெமிற் எண்டால் பிரதேச செயலகக் காணிக் கிளையில ஒருக்கா விசாரியுங்கோ. நான் கேக்கேல்ல, முற்பணமும் இன்னும் வரேல்ல.