மூழ்கிய தீவுக்கும் பெயர் வேண்டும்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகள் என்பது அரசுக் கணக்கு. தண்ணீருக்கு மேல் தெரிவது 19தான். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. அவற்றின் பெயர்களையும் நாம் மூழ்க விடப்போகிறோமா என்பதுதான் என் கவலை.

எல்லாமே பவளப்பாறையை நம்பி நிற்கிற தாழ்ந்த மணல்திட்டுகள். அலையின் வேகத்தை அந்தப் பாறைதான் உடைத்து அனுப்புகிறது. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம், அலை நேராகத் தீவில் வந்து மோதியது. 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்த கரியாச்சல்லி, 2018இல் 6 ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. பக்கத்தில் வான் தீவும் கரைந்துகொண்டுதான் இருந்தது. 2015க்குப் பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பெயர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று வேம்பார்ப் பக்கம் இரண்டு தீவுகள். எங்கே தாகம் தீரும், எங்கே தீராது என்பது கடலுக்குப் போகிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை, அதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். ஆனைப்பார், முள்ளி, வாழை, தலையாரி, மனோலிப்புட்டி... சொல்லிப் பாருங்கள், கடல்காரன் வாயில் புழங்கியவை என்பது தெரியும். இன்று அறிக்கைகளில் இவை ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பத் தமிழுக்கு வருகின்றன. ஒரே தீவு ஒரு செய்தியில் கரியாச்சல்லி, இன்னொன்றில் காரைச்சல்லி. மண்டபம் பக்கத்து முசல் தீவையும், தேசியப் பூங்காவில் சேராத தூத்துக்குடி முயல் தீவையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் உண்டு.

1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கத் தடை. பவளத்தையும் கடற்பசுவையும் காக்க அந்தத் தடை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போக்குவரத்து நின்றால் பெயரும் வாயிலிருந்து நழுவும். பாசி எடுக்கப் போன பெண்களுக்கும் வலைக்காரப் பெரியவர்களுக்கும் ஒவ்வொரு மேடும் துறையும் தெரியும். அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் உச்சரிப்பிலேயே வனத்துறை பதிவுசெய்ய வேண்டும். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் வைக்கும் பலகைகளில் 21 பெயரும் தமிழில் வரட்டும், மூழ்கிய இரண்டும் சேர்த்து.

வேம்பார், கீழக்கரை, மண்டபம் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தத் தீவுகளை எப்படிச் சொல்கிறார்கள்? கேட்டு இங்கே எழுதுங்கள்.