ஏ.பி. தேர்வில் 3 வாங்கினால் எல்லாக் கல்லூரியிலும் கிரெடிட் கிடைக்குமா?

ஏ.பி. (Advanced Placement) என்பது ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரப் பாடத்துக்கு எழுதும் தேர்வு. கிரெடிட் என்பது கல்லூரிப் பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாடக் கணக்கு. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "ஹைஸ்கூலில் ஏ.பி. தேர்வு எழுதி 3 வாங்கினால் போதும், எந்தக் கல்லூரியிலும் கிரெடிட் உண்டு. ஒரு வருடக் கட்டணம் மிச்சம்."

இது தவறு. தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. கிரெடிட் தருவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கல்லூரியின் முடிவு. கால்டெக் பல்கலைக்கழகம் ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதே இல்லை. டார்ட்மவுத் கல்லூரியில் 5 வாங்கினாலும் பட்டத்துக்கான கணக்கில் சேராது. கல்லூரியில் அடுத்த நிலைப் பாடத்தில் நேராகச் சேர உதவலாம், அவ்வளவுதான்.

சரி, செய்தியில் உண்மையே இல்லையா? இருக்கிறது. இல்லினாய் மாநிலச் சட்டப்படி அங்குள்ள அரசுக் கல்லூரிகள் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 3க்குத் தருகிறது. ஆனால் அது விருப்பப்பாடக் கணக்கில் மட்டும் விழுந்தால், முதன்மைப் பாடத்துக்குத் தேவையான வகுப்புகள் குறையாது, பணமும் மிச்சமாகாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மின்னசோட்டா மாநிலத்தில் 1985 முதல் இன்னொரு வழி இருக்கிறது. ஹைஸ்கூல் மாணவர்கள் கட்டணமின்றிக் கல்லூரி வகுப்பிலேயே படிக்கலாம். ஆனால் அங்கே வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், கவனம்.

அதனால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, பிள்ளை சேர விரும்பும் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்: "இந்த மதிப்பெண்ணுக்கு எந்த வகுப்பு கழியும்?"